மணல்மேடு பாதிதான் இருக்கிறது, அண்ணி

அன்புள்ள அண்ணி,

இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பகலில் பிள்ளை முழித்திருக்கும்போது இரண்டு வரி சேர்ந்தாற்போல் எழுத முடிவதில்லை. இந்த வாரம் அவருக்கு செங் பக்கத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை. வீட்டில் நானும் அவளும்தான். நடுநடுவே எழுந்துபோய் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். இரண்டரை வயசுப் பிள்ளைக்கு இன்னும் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கிறேன்.

இன்று சாயங்காலம் அவளைக் குளிப்பாட்டும்போது காது மடலுக்குப் பின்னால் மணல் இருந்தது. துடைத்தால் கழுத்து மடிப்பில் இருந்தது. அதைக் கழுவினால் கால்விரல் இடுக்கில். வெள்ளை மணல், சீனி மாதிரி நொறுநொறுவென்று. எந்த மண் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா கண்ணுல சோப்பு போச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன்.

கிளேபாங் மணல்மேட்டுக்குப் போய்வந்தோம் அண்ணி. வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் நீங்கள் எங்கள் குடும்பத்தை விட்டுப் போன பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. இன்றைக்கும் நானாகப் போகவில்லை, அம்மா அனுப்பினார். எதற்கு என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு மறுபடியும் கல்யாணம், அடுத்த மாதம். வரப்போகிறவருக்குக் கல்யாணத்துக்கு மறுநாள் அந்த மணல்மேட்டில் படம் எடுக்க வேண்டுமாம். மேடு இன்னும் படம் எடுக்கிற லட்சணத்தில் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார் அம்மா. "நீதான் கிட்டக்க இருக்க, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு போட்டோ அனுப்பு" என்றார்.

கல்யாணச் செய்தி வேறு யார் மூலமாவது உங்களுக்கு வந்திருக்கலாம். நான் எழுதுவது அதைச் சொல்ல இல்லை. எங்கள் வீட்டைப் பற்றி ஒரு விஷயத்தை நீங்கள் தப்பாக நினைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டியவள் நான். இரண்டரை வருஷமாகத் திருத்தவில்லை. இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் மணல்மேட்டைப் பற்றிப் பேசிக்கொள்ளலாமா? நேராக அந்தப் பேச்சுக்குப் போக எனக்குத் தைரியம் போதவில்லை.

உங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் நாம் அங்கே போனபோது எனக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். கடலைத் தூர்க்கக் கொண்டுவந்து கொட்டி, அப்படியே விட்டுவிட்ட மணல் அது. காற்று அதை வாரி வாரி மேடும் பள்ளமுமாக்கி வைத்திருந்தது. அவ்வளவு தூரம் கேஎல்லில் இருந்தெல்லாம் காரெடுத்துக்கொண்டு வந்து பாலைவனத்தில் நிற்கிற மாதிரி படம் எடுத்துப்போனார்கள். நீங்கள் சிவப்புப் பட்டுச் சேலையில், நகையெல்லாம் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஏறினீர்கள். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. உங்கள் முந்தானையைக் காற்றில் தூக்கி வீசிவிட்டு, படக்காரர் பொத்தானை அழுத்துவதற்குள் மேட்டுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ள வேண்டியது என் வேலை. ஏழெட்டுத் தடவை வீசினேன். வாயெல்லாம் மணல்.

"அண்ணி, தூரமா பாருங்க. அங்க ஒரு ஒட்டகம் நிக்குதுன்னு நெனச்சுக்குங்க" என்றார் படக்காரர்.

"தூரத்துல எதுக்குப்பா? பக்கத்துலயே நிக்குதே" என்று அண்ணனைக் காட்டினீர்கள். ஆறடி உயரத்துக்கு அண்ணன் அசடு வழிய நின்றார். அந்தச் சிரிப்போடு விழுந்த படத்தைத்தான் அம்மா பெரிசாக்கி வரவேற்பறையில் மாட்டினார். அதில் ஓரமாக, முந்தானை முனையை விட்ட என் கை தெரிகிறது. "சம்பளம் குடுக்காத வேலைக்காரி கை" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அன்றைக்கு மேட்டிலிருந்து இறங்கும்போது என்னைக் கூப்பிட்டு, "ஏய் பட்டதாரி, தாலியில மூணாவது முடிச்சு நீதானே போட்ட? முடியையும் சேத்துக் கட்டிட்ட லா. திரும்பும்போதெல்லாம் இழுக்குது" என்றீர்கள். நாத்தனார் முடிச்சு. இரண்டு முடிச்சு அண்ணன் போட்டார், மூன்றாவது என்னுடையது. எங்கே அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து, இழுத்துக் கட்டிவிட்டேன். மணலில் உட்கார்ந்து, சிக்கிய முடியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். "மெதுவா மா, இது என் தலை" என்று நீங்கள் முனகிக்கொண்டே இருந்தீர்கள். ஒருநாள் மட்டுமே பழகின ஒரு பெண்ணிடம் எனக்கு அவ்வளவு ஒட்டுதல் வந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

அப்புறம் அது நம் இருவருடைய இடமாகிவிட்டது. பல் டாக்டர் கிளினிக்கில் வாரம் ஆறு நாள் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு வருவீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு வேலை முடிந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவீர்கள். "சகாராவுக்கு ஒரு ட்ரிப்பு. பாஸ்போர்ட் வேணாம்." புக்கிட் பெருவாங்கில் நம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா ஆரம்பிப்பார்: "மண்ணைப் பாக்கப் போறாளுங்களாம். தோட்டத்துல பாக்காத மண்ணா?" நீங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அது செம்மண்ணு அத்தை. இது டூரிஸ்ட் மண்ணு" என்பீர்கள். அம்மா சிரித்துவிடுவார். அம்மாவை அப்படிச் சிரிக்கவைக்க உங்களால் மட்டும்தான் முடிந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

லைசென்ஸ் எடுத்த புதிதில் அண்ணன் காரை மணலுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "எல்லாரும் போறாங்க லா, பாத்துக்கலாம்." முன்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. நீங்கள் மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகப் போனது. நான் அழாத குறை. மலாய்ப் பையன்கள் நான்கைந்து பேர் பெரிய ஜீப்பில் வந்து, கயிறு கட்டி இழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவன் சிரிக்கும்போது பல்லைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லும் சாக்கில், கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் காட்டச் சொல்லி கிளினிக் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் அண்ணன் காரைக் கழுவும்போது, "என்னா இது, இவ்ளோ மணலு?" என்று கத்தினார்.

"காத்து லா" என்றீர்கள். "புக்கிட் பெருவாங் வரைக்கும் அடிக்குது."

அண்ணன் நம்பவில்லை. என்னைப் பார்த்தார். நானும் காற்றுதான் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன ஒரே பொய் அதுதான். மற்றதெல்லாம் எனக்காக.

இன்று நாங்கள் போனபோது நாலரை மணி. சனி ஞாயிறும் இல்லை, விடுமுறையும் இல்லை. கார் நிறுத்துகிற இடத்தில் என் காரும் ஒரு லோரியும்தான் நின்றன. மேடு பாதிதான் இருக்கிறது அண்ணி. நாம் உச்சி என்று சொல்லுவோமே, அது இல்லை. லோரிகள் வந்து அள்ளிப்போன தடம் நீளமாகக் கிடக்கிறது. கடலைப் பார்த்த பக்கம் கொடி படர்ந்து, ஊதாப் பூ பூத்திருக்கிறது. மணல் திறந்து கிடக்கிற இடத்தில் மட்டும் காற்று இன்னும் வரிவரியாகப் போட்டுவைத்திருக்கிறது. அந்த இடத்தில் நின்று, லோரித் தடம் தெரியாமல் படம் பிடித்தால் பாலைவனம்தான்.

பிள்ளையை என் துப்பட்டாவின் ஒரு முனையால் இடுப்பில் சுற்றி, மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். எங்கே பள்ளம், எங்கே சேறு என்று தெரியாதல்லவா. அவள் ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினாள். தேங்காய்த் தண்ணீர் விற்கும் மலாய் அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "தனியாவா வந்தே?" என்று மலாயில் கேட்டார். இல்லை, கூட ஆள் வருகிறார்கள் என்றேன். யார் வருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் நான் திரும்பி ஒருதரம் ரோட்டுப் பக்கம் பார்த்தேன்.

இந்த வீட்டில் பேச்சுத் துணை இல்லை அண்ணி. அவர் நல்லவர்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரிடம் என்ன பேச? பிள்ளை பிறந்ததும் லேப் வேலையை விட்டேன். இப்போது நாள் முழுக்கக் காய்ச்சல் பார்க்கிற கருவியும் நானும்தான். அம்மாவிடம் போனில் பேசுகிறேன். என்ன சமைத்தாய், பிள்ளை சாப்பிட்டாளா, அவ்வளவுதான். அதற்குமேல் நானும் அம்மாவும் பேசுவதில்லை. காரணம் இருக்கிறது.

முதல் பிள்ளை எனக்கு மூன்றாம் மாதத்தில் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் வேலையில் இருந்தார், போன் எடுக்கவில்லை. நான் கூப்பிட்டது உங்களை. கிளினிக் சட்டையோடு வந்து நின்றீர்கள். என் துணியையெல்லாம் நீங்கள்தான் அலசினீர்கள். நான்கு நாள் கழித்து, "எந்திரி" என்று சொல்லி மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். உச்சியில் உட்காரவைத்து, "அழு. இங்க யாருக்கும் கேக்காது. இந்தக் காத்துல எனக்கே கேக்காது" என்றீர்கள். நான் அழுது முடிகிறவரை என் பக்கம் திரும்பவே இல்லை. கடலில் போகிற கப்பலை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில், "பதினொண்ணு. வா, போலாம்" என்றீர்கள்.

நான்கு வருஷமாகப் பிள்ளை இல்லாமல் இருந்தவர் நீங்கள். ஒவ்வொரு டாக்டராக அலைந்தீர்கள். அண்ணன் ஒரு சோதனைக்கும் வரவில்லை. என் பிள்ளை போனதற்கு நீங்கள் அவ்வளவு செய்தபோது உங்களுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று ஒருதரமும் நான் கேட்டதில்லை.

இரண்டாவது தடவை தங்கியபோது எனக்கு எதைக் கண்டாலும் பயம். ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கப் படித்தவள் நான். ஆனால் அன்னாசியைத் தொடமாட்டேன், பப்பாளிக் கடை இருக்கிற வரிசையில் நடக்கமாட்டேன், கிரகணம் என்று சொன்னால் ஜன்னலுக்குத் துணி தொங்கவிடுவேன். போனில் கர்ப்பிணிகள் குழு ஒன்றில் யார் யாரோ எழுதியதையெல்லாம் படித்துக்கொண்டே கிடப்பேன். உங்களுக்கு இது தெரியும். "பட்டதாரியம்மா, இன்னைக்கு எதைச் சாப்பிடக்கூடாது?" என்று கேட்டுக்கொண்டே வருவீர்கள். ஆறாம் மாதக் கடைசியில் மணல்மேட்டு அடிவாரத்தில், மேலே ஏறவிடாமல் என்னை உட்காரவைத்து, கழுத்தில் தொங்கிய கிளினிக் அட்டையின் நாடாவைக் கழற்றி என் மணிக்கட்டில் சுற்றி அளவெடுத்தீர்கள். "கை வீங்கிருச்சு. கண்ணாடி வளையல் பழைய அளவுக்கு வாங்கினா உடையும். வளைகாப்புல உடையக்கூடாது" என்றீர்கள். அந்த அளவுக்கு டவுனில் தேடித்தேடி, பச்சையில் இரண்டு டஜன் வாங்கினீர்கள்.

இனித் தள்ளிப்போட முடியாது.

வளைகாப்புக்கு முதல்நாள் நானும் அம்மாவும் அம்மாவின் அறையில் உட்கார்ந்து, வளையல் போடப்போகிற ஏழு பேரின் பட்டியலை எழுதினோம். நீங்கள் அடுப்படியில் புளிசாதத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தீர்கள். பேனா அம்மா கையில் இருந்தது. முதல் பேராக உங்கள் பேரை எழுதினார். நான் கேட்காமலே, "யாரு என்ன சொன்னாலும் சரி, மொத வளையல் என் மருமகதான் போடணும். அவ கை நல்ல கை" என்றார்.

நான் சொன்னேன்: "அம்மா, அண்ணி வேணாம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "ஏன்டி? சண்டையா?"

"இல்ல. எனக்குப் பயமா இருக்கு. மொதல்ல ஒண்ணு போயிருச்சு. பிள்ளை பெத்தவங்க மட்டும் போடட்டும்."

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீயா பேசுற?" என்றார். அப்புறம், "அவ மனசு என்னாவும்?" என்றார். "நீங்க எதாவது சொல்லிச் சமாளிங்க" என்றேன். பிள்ளை வயிற்றில் உதைத்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். ஏழு மாத வயிற்றுக்காரி அழுதால் எந்த அம்மா எதிர்த்துப் பேசுவார்? பேரை அடித்தார்.

அம்மா இல்லை அண்ணி. நான்தான்.

அதற்கு மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். பச்சை வளையலைத் தட்டில் அடுக்கிக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றீர்கள். அம்மா வந்து, "நீ உள்ள போயி சாப்பாட்டைக் கவனி மா, ஆளு பத்தல" என்றார். நீங்கள் ஒரு நொடி அம்மாவைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் என் கையில் பூசிய சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். நீங்கள் வாங்கின வளையலை மற்றவர்கள் எடுத்து எனக்குப் போட்டார்கள். எல்லாம் சரியான அளவு. ஒன்றுகூட உடையவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நீங்கள் ஒரு தட்டில் ஏழு வகைச் சோறும் வைத்து எடுத்துவந்தீர்கள். நான் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னீர்கள்: "சாப்பிடு. அத்தைக்கு ஏதோ பயம், வயசானவங்க. உன்னால ஒண்ணும் பேசியிருக்க முடியாது, எனக்குத் தெரியும். நீ மனசுல வச்சுக்காத, பிள்ளைக்கு ஆகாது."

நான் சரி என்று தலையாட்டினேன். அந்தச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன்.

அன்றிரவு அண்ணன் கேட்டபோது, "ஆமா, நான்தான் சொன்னேன்" என்று அம்மா ஏற்றுக்கொண்டார். என் பேர் வந்தால் என் புகுந்த வீட்டில் பேச்சு வரும், வயிற்றுப்பிள்ளைக்காரி மனசு நோகும் என்று நினைத்திருக்கிறார். தனிக்குடித்தனம் போகலாம் என்று நீங்கள் கேட்டீர்கள். பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் பொறுத்துப்போக வேண்டியதுதானே என்று அண்ணன் சொன்னார். மூன்று வாரம் வீடு முழுக்க அதே பேச்சு. ஒரு காலையில் பையோடு உங்கள் அப்பா வீட்டுக்கு ஜாசின் பஸ் ஏறிவிட்டீர்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவே இருந்ததெல்லாம் என்னால் வந்தது என்று சொல்லமாட்டேன். சோதனைக்கு வராதது அண்ணன் தப்பு. ஆனால் எங்கள் வீட்டில் உங்களுக்கென்று இருந்த ஆள் அம்மா. அவரும் கைவிட்டுவிட்டார் என்று நினைத்துத்தானே கிளம்பினீர்கள்? அவர் கைவிடவில்லை. முதல் பேர் உங்கள் பேர். அம்மா அழுத்தி எழுதுவாரே, அதே எழுத்தில். நான் பார்த்தேன்.

பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "பிள்ளை நல்லா இருக்கா? மொதப் பல்லு எந்தப் பக்கம் மொளைக்குதுன்னு பாத்து சொல்லு." மூன்று நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். என்ன எழுதினாலும் பொய்யாக இருந்தது. நான்காம் நாள், "நல்லா இருக்கா அண்ணி" என்று மட்டும் அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. நம்பர் மாற்றிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜொகூரில் வேலை செய்கிறீர்கள் என்று யாரோ சொன்னார்கள். உங்கள் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் அப்பா வீட்டு முகவரி இருந்தது, ஜாசின் பக்கத்துத் தோட்டத்து முகவரி. அதற்குத்தான் இதை அனுப்புகிறேன். எப்படியாவது உங்கள் கைக்கு வர வேண்டும். முதல் பல் கீழே, இடது பக்கம் அண்ணி. ஏழாம் மாதம்.

இன்று மணல்மேட்டில் படம் எடுத்தேன். பதினான்கு படம். எல்லாவற்றிலும் துப்பட்டா முனையை இழுத்துக்கொண்டு பிள்ளை நிற்கிறாள். ஒன்றையும் அனுப்பவில்லை. அம்மாவே கூப்பிட்டுவிட்டார். காற்று இரைச்சலில் கத்திக் கத்திப் பேசினோம்.

"மேடு இருக்கா இல்லியா?"

"பாதிதான் இருக்கு மா."

"பாதி போதும் லா. படத்துல முழுசாத் தெரியும்." அப்புறம், "சேலை எடுத்துட்டியா? நாத்தனார் முடிச்சு நீதான் போடணும். வேற யாரு இருக்கா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அம்மா, நான் அண்ணிக்கு எழுதப்போறேன். அண்ணன்கிட்டயும் சொல்லப்போறேன், அன்னைக்குச் சொன்னது நான்தான்னு" என்றேன்.

காற்றுக்கு நடுவே அம்மா குரல் வந்தது. "இப்ப எதுக்குடி கெளர்ற? எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான்தான் வாங்கிக்கிட்டேன்ல? நான் கெட்டவளா இருந்துட்டுப் போறேன்." அப்புறம், "அவ ஒரு தடவகூட என்கிட்ட ஏன்னு கேக்கல. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றார். அம்மா அழுவது காற்றிலும் கேட்டது.

பிள்ளை அப்போது துப்பட்டாவிலிருந்து நழுவி மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். போனைப் போட்டுவிட்டு ஓடினேன். பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். ஆனால் ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்குகிறது, கத்தினால் குரல் பின்னாலேயே போகிறது. ஏறிப் பார்த்தால் கீழே கொடியில் உட்கார்ந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. நான்தான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவளுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்ற பயத்தில்தானே அன்றைக்கும் அப்படிச் சொன்னேன். அந்தப் பயம் குறையவே இல்லை அண்ணி. உங்களைத் தள்ளிவைத்ததால் அது ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. ஓடிவந்து பிள்ளையைப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பத்திரிகை வைக்க இங்கே வருகிறார். அன்றைக்கு அவரிடம் சொல்லப்போகிறேன். கல்யாணத்தை நிறுத்த இல்லை. வரப்போகிறவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல மாதிரியாகத்தான் பேசுகிறார். ஆனால் அண்ணன் அம்மா பேரில் ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொண்டு இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கக்கூடாது. அந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவருக்கும் அம்மா யார் என்று சரியாகத் தெரிய வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகும் அண்ணன் என்னை முடிச்சு போடக் கூப்பிட்டால் போடுவேன். கூப்பிடாவிட்டால் கூட்டத்தோடு உட்கார்ந்து அட்சதை தூவிவிட்டு வருவேன். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது இது. அதனால்தான் விடியும்வரை காத்திராமல் எழுதுகிறேன்.

"உன்னால ஒண்ணும் பேசியிருக்க முடியாது, எனக்குத் தெரியும்" என்றீர்களே, அதுதான் அண்ணி என்னோடு இருக்கிறது. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது, துணி காயப்போடும்போது, ஒன்றுமே செய்யாமல் ஜன்னல் பக்கம் நிற்கும்போது வருகிறது. நீங்கள் என்னை நம்பிச் சொன்ன வார்த்தை அது. எனக்குத் தகாத வார்த்தை. திருப்பிக் கொடுக்கவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் இருந்தேன். இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. திட்டியே எழுதுங்கள், பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதினால் அவர் சாப்பிடுவார், தூங்குவார். என் முகவரியும் போன் நம்பரும் உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள், அண்ணி.